பச்சைப் பொடி

சோப்பைப் போட்டு எத்தனை தேய்த்தும் அவள் உள்ளங்கையில் ஏறியிருந்த பச்சை போகவில்லை. பின்னாலிருந்து சூப்பர்வைசரின் குரல் வந்தது.

"தேய், நல்லா தேய். தோல் உரிஞ்சாலும் அது போகாது. கையும் களவுமா மாட்டிக்கிட்ட."

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். இந்தப் பன்றிக் கொட்டகையில் பதினோரு வருஷமாக வேலை. ஒரு துரும்பு வெளியே கொண்டு போனதில்லை.

"தீவனத்துல பச்சைப் பொடி கலக்குறதே அவதானே? கை அப்படித்தான் இருக்கும்" என்று ஆராய்ச்சி டாக்டரம்மா தராசை விட்டு எழுந்தார். "ஆனா மூணு நாளா சாக்குல தினம் ரெண்டு கிலோ குறையுது. இப்படியே போனா நாளைக்குத் தீவனம் பத்தாது. மூணு மாசப் பாடு குப்பைக்குத்தான்."

எட்டுப் பன்றிகள் தனித்தனிக் கூண்டில் நின்றன. ஒவ்வொன்றின் சிறுகுடல் முனையிலும் குழாய் பொருத்தி, அதில் பை கட்டியிருந்தது. தின்ற தீவனத்தின் அமினோ அமிலத்தில் எவ்வளவு உடம்பில் ஒட்டியது, எவ்வளவு வீணாகப் பைக்கு வந்தது என்று பார்ப்பதுதான் வேலை. விடிந்தது முதல் அரை மணிக்கொரு பை மாற்ற வேண்டும். அதனால் மூன்று நாளாக அவளுக்குக் கொட்டகையிலேயே படுக்கை.

புருஷன்தான் மதியம் சோறு கொண்டுவந்து தீவன அறையில் வைத்துவிட்டு, முதல் நாள் வாளியை எடுத்துப் போவான். இன்று மதியமும் அவனிடம் கேட்டிருந்தாள்: "ஒரு ஆளு சோத்துக்கு எதுக்குய்யா அண்டா மாதிரி தூக்குவாளி?"

"உழைக்கிற உடம்பு, நல்லா சாப்பிட வேணாமா?" என்று சிரித்தான்.

"இங்க யார் யார் வீட்ல பன்னி வளர்க்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அவள் கையைத் தூக்கினாள். சூப்பர்வைசரும் தூக்கினார், அரை மனதாக. "பன்னி வந்து சாட்சி சொல்லவா போகுதும்மா?"

"சொல்லும். அந்தப் பொடி எந்த வயித்துலயும் செரிக்காது. உள்ள போனது அப்படியே வெளிய வந்துடும். அதை வெச்சுத்தான் நான் கணக்கே போடுறேன். திருட்டுத் தீவனம் தின்ன பன்னி தானா காட்டிக் குடுத்துடும்."

சூப்பர்வைசர் முகம் சுண்டிப்போயிற்று. "இதுக்குப் போயி வீடு வீடா அலையணுமா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "முதல்ல என் வீட்டுக்கே வாங்கம்மா. பொட்டுப் பச்சை தெரிஞ்சாலும் இப்பவே வேலைய விட்டுடறேன்!"

அன்றைய கடைசிப் பையைக் குளிர்பெட்டியில் வைத்ததும் கிளம்பினார்கள். கால் தரையில் பாவாமல் அவள் முன்னால் ஓடினாள். டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சூப்பர்வைசர் காலை இழுத்து இழுத்து நடந்தார்.

பன்றிப் பட்டியைக் கழுவிக்கொண்டிருந்த புருஷன் துடைப்பத்தோடு ஓடிவந்தான். டாக்டரம்மாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை, டாக்டரையே கூட்டிட்டு வந்துட்ட! மூணு நாளா நம்ம பன்னி பச்சை பச்சையா போகுது!"