பொந்துக்காக வந்தவர்கள்

ஒரு மரப்பொந்துக்காக அணிலும் மைனாவும் சண்டை போட்டன.

"யானை அண்ணனைக் கூப்பிடுவேன்" என்றது அணில்.

"எனக்குக் காட்டெருமை மாமா இருக்கிறார்" என்றது மைனா.

கூப்பிட்டதும் இரண்டும் வந்தன. வெகுகாலமாக ஒன்றையொன்று முறைத்துத் திரிந்தவை அவை. சாக்குக் கிடைத்ததும் மோதிக்கொண்டன. பூமி அதிர்ந்தது. பொந்திருந்த மரம் வேரோடு சாய்ந்தது. இப்படியொரு பலத்தை அணில் கனவிலும் கண்டதில்லை. மைனாவோடு பாறைமேல் ஏறிக் கத்தியது.

"அண்ணே, நாங்கள் சமாதானமாகிவிட்டோம்."

"ஒதுங்கிப் போ. இது எங்கள் சண்டை" என்றது யானை, திரும்பிப் பார்க்காமலே.

அணில் நிமிர்ந்தது. ஒரு மலையிலிருந்து யானைக்கூட்டமும் எதிர்மலையிலிருந்து எருமைக்கூட்டமும் வானம் மறையப் புழுதி கிளப்பி இறங்கிக்கொண்டிருந்தன. அணிலும் மைனாவும் ஒட்டி உட்கார்ந்து, மூச்சுவிடவும் மறந்து பார்த்தன.