மாவுக்கட்டில் மறைத்த பூசணிக்காய்

“முழு மயக்கமா, இல்ல கை மட்டும் மரத்தாப் போதுமா? ரெண்டுமே செய்யலாம் மிஸ்டர் டக்வெல், உங்க இஷ்டம்” என்றார் மயக்க மருந்து டாக்டர் நுயென்.

மெர்வின் டக்வெல் வாயைத் திறக்கும் முன்பே, கட்டிலருகே உட்கார்ந்திருந்த மனைவி கிளெனிஸ் முந்திக்கொண்டாள்.

“முழு மயக்கமே குடுத்துடுங்க. தெளியறப்ப நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.”

“உடைஞ்சது என் மணிக்கட்டு, கிளெனிஸ்!”

“தெரியுது. அதனாலதான் சொல்றேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெர்வின் நான்கு நாட்களாக அதை மாவுக்கட்டில் மறைத்துக்கொண்டிருந்தார்.

பிண்டரூ ஊரின் விவசாயக் கண்காட்சியில் ராட்சசப் பூசணிக்கான முதல் பரிசு நீல ரிப்பன் ஐந்து வருடமாக அவருக்குத்தான். இந்த வருடம் பக்கத்துப் பண்ணை லிண்ட்சே பாஸ்கோவின் பூசணி நானூறு கிலோவைத் தாண்டிவிட்டது. மெர்வினுடையது முப்பது கிலோ குறைவு. தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்ட நாளும் இல்லை. ஆனால் கண்காட்சி விதிகளில் ஒரு வரி இருந்தது. உள்கூடு வரை போகும் ஓட்டை பென்சில் தடிமனில் இருந்தாலும், அந்தக் காய் போட்டிக்கு ஆகாது.

மெர்வினிடம் ஒரு டிரில் இருந்தது.

ஞாயிறு காலை பாஸ்கோ குடும்பம் சர்ச்சில் மண்டியிட்டிருந்த நேரம், இவர் அவர்கள் கொட்டகையில் பூசணியின் மேல் குதிரை ஏறியவர் மாதிரி உட்கார்ந்து துளை போட்டார். வேலை சுத்தம். இறங்கும்போதுதான் வழுக்கி, சிமெண்ட் தரையில் கையை ஊன்றினார்.

மறுநாள் ஊர் கொந்தளித்தது. எலி கடித்ததாகச் சிலர் சொன்னார்கள். பன்னிரண்டு மில்லிமீட்டரில் கச்சிதமாக வட்டம் போடும் எலியைப் பார்க்கப் போலீஸ்காரரும் ஆசையாகத்தான் இருந்தார்.

மெர்வினோ கூரைத் தண்ணீர்க் குழாயில் சருகு அள்ளும்போது ஏணியிலிருந்து விழுந்த அப்பாவி. ஊர் நம்பியது. கிளெனிஸ் மட்டும் “ஓகோ” என்றாள்.

அந்த ஓகோவை நினைத்தாலே அவருக்கு வியர்த்தது. அவள்தான் கண்காட்சிக் குழுவின் செயலாளர். கடையில் வாங்கிய ஜாம் என்று கண்டுபிடித்து, கூடப்பிறந்த அக்காவையே ஆயுள் முழுக்கப் போட்டியிலிருந்து தள்ளிவைத்த தர்மதேவதை. விஷயம் தெரிந்தால் ஐந்து ரிப்பன்களையும் தன் கையாலேயே கழற்றிவிடுவாள். பிறகு பிண்டரூவில் தலைகாட்ட முடியாது. போதாக்குறைக்கு இதே ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இங்கே எல்லோரும் அவள் ஆட்கள்.

மயக்கம் தெளியும்போது நாக்கு என்ன செய்யும் என்பதும் மெர்வினுக்குத் தெரியும். பப்பில் இவரோடு சேர்ந்து குடிக்கும் கென், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், மாமியாரைப் பற்றிய உண்மைகளையெல்லாம் மாமியாரிடமே சொல்லிவிட்டான். பாவம், இன்னும் கராஜில்தான் படுக்கிறான்.

‘பக்கத்துலயே உக்காந்திருப்பாளாம். எதுக்கு, வாக்குமூலம் எழுதிக்கவா?’

“கை மட்டும்னா எப்படி டாக்டர்?”

“தோள்பட்டைகிட்ட ஊசி போட்டா கை மரத்துடும். நீங்க முழிச்சிட்டே இருக்கலாம். பதட்டம் குறைய நரம்புல லேசா ஒரு மருந்து போகும், அவ்வளவுதான்.”

கிளெனிஸ் போர்வைக்கடியில் அவர் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். “மெர்வ், நான் சொல்றதைக் கேளு. முழு மயக்கம்.”

கிள்ளல் அவர் முடிவை உறுதிப்படுத்தியது.

“கை மட்டும் போதும் டாக்டர். எனக்கு முழிப்பா இருக்கணும்.”

கிளெனிஸ் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். மெர்வினுக்குப் பரம திருப்தி.

தியேட்டரில் எல்லோரும் முகமூடி போட்டிருந்தார்கள். கை மரத்தது. ஒரு நர்ஸ் “சௌகரியமா இருக்கா?” என்று கேட்டதும், பச்சைத் திரையைப் பார்த்தபடி, வாயை இறுக்கி மூடிக்கொண்டதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது டீயும் பிஸ்கட்டும்தான்.

“பாத்தியா!” என்றார், பக்கத்தில் இருந்த கிளெனிஸிடம். “கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. ஒரு வார்த்தை பேசலை நான். கல்லு மாதிரி கெடந்தேன்.”

கட்டிலின் கால்மாட்டில் நின்ற நர்ஸ் முகமூடியைக் கழற்றினாள். லிண்ட்சே பாஸ்கோவின் மூத்த மகள் டாம்சின்.

“நோயாளி சொல்றதை நாங்க வெளிய சொல்லக்கூடாது மிஸ்டர் டக்வெல். சொல்லவும் இல்ல” என்றாள். “ஆனா இங்க வந்ததும், உங்க மனைவியை உள்ள கூப்பிடறதுக்குள்ள, எங்க அப்பாகிட்ட பேசியே ஆகணும்னு அழுதீங்க. போனைப் போட்டுத் தர்ற வரைக்கும் விடலை. டிரில்லைப் புதைச்ச எருக்குழி வரைக்கும் நீங்களே அடையாளம் சொல்லிட்டீங்க. அப்பா போலீஸோட அங்கதான் நிக்கிறாராம்.”

மெர்வினின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

“கிளெனிஸ்... உனக்கு... ஏணி...”

“ஏணி கிறிஸ்துமஸ்ல இருந்து என் தம்பி வீட்டுல இருக்கு, மெர்வ். உன் கால்சட்டை மடிப்புல பூசணிச் சாறு. அதைத் துவைச்சுக் காயப்போட்டதே நான்தான்.”

அவள் நிதானமாகக் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

“முழு மயக்கம்னா தொண்டைக்குள்ள குழாய் சொருகிடுவாங்க, தெளியறப்ப உன் வாயைப் பொத்த நான் இருந்திருப்பேன். அந்த ‘லேசா ஒரு மருந்து’தான் ஊர்க்கதையெல்லாம் பேச வெச்சு, பேசினதையும் மறக்கடிக்கும்னு இருபது வருஷமா பாத்தவ சொன்னா, கேட்டியா?”