திருநகர் இளவரசரின் வசியம்

“என் கண்ணைப் பார். இந்த நொடியிலிருந்து உன் ரத்தம் உனக்குச் சொந்தமில்லை.”

“பாத்துட்டேண்ணே,” என்று சொல்லி சிவக்குமார் கொட்டாவி விட்டான்.

ஹரிராம் வாயிலிருந்த பிளாஸ்டிக் கோரைப்பற்களைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு, திருநகர் வீட்டு மாடியில், லோ வோல்டேஜில் முனகும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ரத்தக்காட்டேரிகளின் இளவரசராக ஆட்சி நடத்துவது லேசான காரியமில்லை.

அமெரிக்காவிலிருந்த சித்தப்பா மகனின் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, மூன்று வருஷமாக நடக்கிற விளையாட்டு அது. ஆளுக்கொரு காட்டேரி வேஷம். பத்துமுகப் பகடையை உருட்டினால் வசியம், கட்டளை, மாட்சிமை என்று வரிசையாகச் சக்திகள் பலிக்கும்.

ஒரு சமயம் ஆறு பேர் இருந்தார்கள். மூன்று பேர் பெங்களூருக்குப் போனார்கள், ஒருவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. இப்போது மிச்சம் இளவரசரும் ஒரே ஒரு குடிமகனும்.

அந்தக் குடிமகன், ஹரிராமின் கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதப் படிப்புக்கு உசிலம்பட்டியிலிருந்து வந்து இரண்டாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருப்பவன்.

“அய்யா இன்னிக்கு வாராராம்ண்ணே. ரூமைக் காலி பண்ணி ஊருக்கே கூட்டிட்டுப் போகப்போறாராம்.”

“நீயும் போயிட்டா ராஜ்யம் என்னடா ஆகும்?”

“அதான்ண்ணே எனக்கும் வெசனமா இருக்கு,” என்று மறுபடி கொட்டாவி விட்டான்.

“வரட்டும். மூணு வருஷமா பகடையில உருட்டினதை இன்னிக்கு நேர்லயே செஞ்சு காட்டுறேன்.” ஹரிராம் ஜெராக்ஸைப் புரட்டினார். “கேளு. வசியப்பட்டவனுக்கு வசியப்பட்டதே தெரியாது. எல்லாம் தானே எடுத்த முடிவுன்னு நினைச்சுக்குவான்.”

மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கீழேயிருந்து மனைவி ரம்யாஸ்ரீ சௌராஷ்டிர மொழியில் இரைந்தாள். இளவரசர் ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தார்.

அதற்குள் சிவக்குமாரின் அப்பா நல்லகாமன் மூச்சு வாங்க மாடியேறி வந்திருந்தார். முகத்தில் இரண்டு பஸ் மாறிய களைப்பு. மேஜைமேல் இருந்த கோரைப்பல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஹரிராம் சிரித்தபோது அவர் பல்லையும் பார்த்தார்.

“தம்பிக்கு முப்பத்திநாலு இருக்குமா?”

“கரெக்டா சொல்றீங்களே, ஐயா!”

“மாட்டுத் தரகுல்ல தம்பி. பல்லப் பாத்தாத் தெரியும்.”

ஹரிராம் குரலைத் தாழ்த்தி, இமைக்காமல் பார்க்க ஆரம்பித்தார். “தொழில் எப்படி?”

“என்னத்த! ஒருத்தன் மாட்ட இன்னொருத்தனுக்குக் கைமாத்தி விடுறதுதான். மாடு போனாலும் கயித்தக் குடுக்க மாட்டோம், அது வீட்டுக்கு வந்துரணும். வாங்குறவன் புதுக்கயிறு கொண்டாரணும்.”

ஹரிராமின் காதில் இது எதுவும் விழவில்லை. இமைக்காமல் இருந்ததில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருந்தது.

“சிவக்குமார் இங்கேயே இருக்கட்டும்.”

“ஆகாது தம்பி. இவன் இல்லாம ஊர்ல ஒரு வேல ஓடல. தொழுவம் கூட்ட ஆளில்ல. இவுக ஆத்தா ஒரே அழுக.”

சிவக்குமார் அய்யாவை ஆச்சரியத்தோடு பார்த்தான்.

“எங்க வீட்டு மாடியிலயே தங்கிக்கட்டும். ரூமே வேண்டாம்.”

“சோத்துக்கு?”

“எங்களோடதான்.”

நல்லகாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “வயசுப்பய சும்மா உக்காந்து திங்கப்படாது, தம்பி. டேய், கெளம்புடா.”

ஹரிராமும் எழுந்தார். இது கட்டளைக்கான நேரம். நெஞ்சிலிருந்து குரலை எடுத்தார். “நம்ம சென்டர்லயே வேலை. நாளைக்கே சேர்ந்துடட்டும்.”

நல்லகாமன் முதல் படியில் காலை வைத்துவிட்டு நின்றார். “இன்னிக்குச் சொல்லுவீக. ஒரு மாசத்துல வேணாம்னு திருப்பி அனுப்புனா ஊருக்குள்ள என் மானம் என்னாகும்?”

“அனுப்பவே மாட்டேன்! என் கூடப்பிறந்த தம்பி மாதிரி. சத்தியம்!”

பெரியவர் நீட்டிய கையில் ஓங்கி அடித்தார் இளவரசர். நல்லகாமன் தளர்ந்துபோய்த் தலையாட்டினார். துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

“இம்புட்டுச் சொல்றீகளே. இதுக்கு மேல நான் என்னத்தப் பேச?”

மகனின் மணிக்கட்டைப் பிடித்து, அதில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை மெல்ல அவிழ்த்தார். “நைஞ்சு போச்சுடா. தம்பி, நீங்களே இவனுக்கு வேற ஒண்ணு கட்டி விட்டுருங்க.” கயிற்றை மடியில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

“பாத்தியாடா!” ஹரிராம் நாற்காலியில் சாய்ந்தார். “மனுஷன் தானா முடிவெடுத்த மாதிரியே போறாரு!”

“ஆமாண்ணே.” சிவக்குமார் பாயை விரித்துப் படுத்துக்கொண்டான். “ராவைக்கு என்னண்ணே டிபன்?”

பஸ் ஸ்டாப்பில், பொட்டு நிழல் தேடி ஒதுங்கியிருந்தாள் அவன் ஆத்தா மாயக்காள். புருஷன் வருவதைக் கண்டதும் எழுந்து, தெருமுனையைப் பயத்தோடு எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, பின்னாடியே வாரானா?”

நல்லகாமன் மடியிலிருந்ததை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“கயிறு வந்திருச்சு, மாடு வராது.”