எட்டாத கயிறு

"ஐயோ, நடுமுதுகு வெட்டி வெட்டி இழுக்குதே! எவடி இந்தக் கயித்தத் தூக்கிக் கட்டினது?"

வச்சலா போட்ட கத்தலில் மீனவர் குப்பமே திரும்பியது. அன்றைக்குப் படகு கொள்ளாத வாளை மீன். வெயில் இருக்கும்போதே தொங்கவிட்டால் கருவாடு, விட்டால் வெறும் நாற்றம். அவளோ கால்விரலில் எம்பி எம்பிப் பார்க்கிறாள், கயிறு ரெண்டு விரல் மேலேயே நிற்கிறது.

அந்தக் கயிறு அவளுக்கும் கொழுந்தன் பெண்டாட்டி சங்கவிக்கும் பொது. நாய்க்கு எட்டக் கூடாதென்று, தன் கை எட்டுகிற உச்சத்தில், போன சீசனில் வச்சலாவே கட்டியது.

"சத்தியமா நான் தொடலக்கா!"

"தொடாமத்தான் மேல ஏறிச்சா? எனக்கு எட்டக் கூடாது, மொத்தக் கயித்துலயும் நீயே மாட்டிக்கணும். நெட்டச்சி புத்தி!"

"நெட்டையா பொறந்தது என் தப்பா?"

"இன்னியோட கூட்டு கட்! உன் மீனு வேற, என் மீனு வேற!"

சங்கவிக்குக் கண் கலங்கிவிட்டது. "தோண்டிப் பாரு. கயிறு கட்டின கழிய நான் ஒசத்தி நட்டிருந்தா, இந்தக் குப்பத்த வுட்டே போய்டறேன்."

"தோண்டுய்யா!" வச்சலா புருஷனைப் பிடித்துத் தள்ளினாள். சிங்காரம் கடப்பாரையை எடுத்தான். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"மச்சான், பாத்து! பூதம் கீதம் வந்துடப் போவுது!"

வீடு வீடாக பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் ஷாரோனும் பையோடு நின்றாள்.

சிங்காரம் மணலைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தான். "நான் போட்ட சிமெண்டு அப்டியே கீது. தாரு பூசின எடமும் மண்ணு மட்டத்துலதான் கீது. முடிச்சுகூட உன் முடிச்சுதாம்மே."

"அப்ப எப்பிடிய்யா ஏறிச்சு? றெக்க மொளச்சா?"

ஷாரோன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் காதருகே கேட்டாள். "அக்கா, உங்களுக்கு மாசாமாசம் வர்றது நின்னு எத்தினி வருஷம் இருக்கும்?"

"அத்த ஏன் இப்போ கேட்டுகினு கீற? ஆறேழு வருஷம் ஆவும்."

"முதுகு வலி?"

"மழைக்கு முன்னாடி மீன் கூடையத் தூக்கறப்ப, படக்குன்னுச்சு. அதுலேர்ந்து."

"அண்ணன் பக்கத்துல போய் நேரா நில்லுங்க."

ஒன்றும் புரியாமல், முறைத்துக்கொண்டே போய் நின்றாள்.

சிங்காரம் குனிந்து பார்த்தான். "இன்னாம்மே, என் மூக்குக்கு நிப்ப. இப்ப மீசைக்குக் கீழ போய்ட்டியே?"

"எலும்பு தேஞ்சு முதுகெலும்பு நசுங்கிக்கீது. கயிறு அங்கியேதான் இருக்கு, அக்காதான் குள்ளமாயிட்டாங்க" என்றாள் ஷாரோன்.

செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தாயிற்று, மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று. ஊரைக் கூட்டித் திட்டியதற்குச் சங்கவியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.