சிட்டு ரகத்தில் ஒன்று

“அண்ணே, எரியப் போற கப்பல் எதுன்னு இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்.”

கிராபிக்ஸ்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எத்தனை தடவை கேட்டாலும் அதேதாம்மா. சிட்டு ரகம். பேரு பூதக்கண்ணாடி. டைரக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்.”

பூதக்கண்ணாடி என்பது அவளுடைய பட்டப்பெயர்.

விண்வெளித் தொடர் ஒன்றின் கதை இலாகாவில் அவளுக்கு வேலை. கப்பல்களுக்குப் பெயர் வைக்க வேண்டும், ரகம் பிரிக்க வேண்டும். வேவு பார்க்கும் சின்னக் கப்பல் என்றால் சிட்டு ரகம், சரக்கு ஏற்றுவது எருமை ரகம், சண்டைக்குப் போவது கழுகு ரகம். எதற்கு எத்தனை இறக்கை, எது போன வாரம் எங்கே நின்றது என்று யார் கேட்டாலும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு வாரம் கப்பல்கள் பெருகிப் பெயர்கள் தீர்ந்துபோனபோது, யூனிட் ஆட்களின் பட்டப்பெயர்களையே எடுத்து வைத்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது. எதையும் மூன்று முறை சரிபார்க்கிறவள் என்பதால் அவள் பூதக்கண்ணாடி. பக்கத்து மேஜையில் வசனம் எழுதும் உதவியாளர் எந்நேரமும் எதற்காவது புகைந்துகொண்டே இருப்பார், அவர் கொசுவர்த்தி.

மேக்கப் அக்காவின் கப்பல் வெடிக்கும்வரை எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அக்கா வேலைக்கு வரவில்லை. பிறகு செட் போடும் ஆசாரியின் கப்பல் எரிந்தது. அவரும் அத்தோடு சரி. கூப்பிட்டால் இரண்டு பேருமே போனை எடுப்பதில்லை. கப்பல் போனால் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம், யூனிட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

“ஏம்மா முகம் வெளுத்துப்போச்சு? பொம்மைக் கப்பல்தானே?”

“உங்களுக்கென்ன, உங்க கப்பல் எருமை ரகம். அதை வெடிக்க வைக்க இவங்ககிட்ட பட்ஜெட் கிடையாது.”

“அதுக்குத்தானே அன்னைக்கே உன்கிட்ட கேட்டு வாங்கினேன்” என்று அவர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன தப்புச் செய்தோம்? போன வாரம் கழுகுக்கு ஒரு இறக்கை குறைந்துவிட்டதா? அச்சகத்து வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தபோதே, “இல்லாத கப்பலுக்குப் பேர் வைக்கறதுக்கு எத்தனை நாள் சம்பளம் தருவாங்க?” என்று அண்ணி கேட்டிருந்தாள். வேலை போனால் அண்ணன் வீட்டில் ஒரு கவளம் தொண்டைக்குள் இறங்காது.

“அண்ணே, ஒரு தப்பு நடந்திருக்கு” என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. “பூதக்கண்ணாடி இந்தச் சண்டையில இருக்க முடியாது. எரிபொருள் தீர்ந்து நிலாத் தளத்துல நிக்குது.”

“அப்படியா? நான் அப்படி எதுவும் வரைஞ்சதா ஞாபகமில்லையே.”

“காட்டலை. வசனத்துல வந்துச்சு.”

“அப்போ எதைத்தான் எரிக்கச் சொல்றே?”

அவள் கப்பல் பட்டியலைப் புரட்டினாள். “சிட்டு ரகத்துலயே கொசுவர்த்தி இருக்கு. உடம்பு ஒண்ணுதான். பக்கவாட்டுல பேரை மட்டும் மாத்தினா போதும்.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். டைரக்டர் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு மாத்திடறேன்.”

அவள் தன் இடத்துக்குத் திரும்பியபோது கொசுவர்த்தி போனை நீட்டினார். அதில் ஒரு கைக்குழந்தை குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பாரும்மா, கழுத்து நின்னுடுச்சு. இனிமே வீட்ல யாருக்கும் தூக்கம் கிடையாது. பால்மாவு விலைதான் நம்ம கழுத்தைப் பிடிக்குது.”

“அழகா இருக்கா” என்றாள், படத்தைச் சரியாகப் பார்க்காமலே. எழுந்து போய் மறுபடி பெயரை மாற்றச் சொல்லிவிடலாமா? எழுந்தாள். உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

மாலையில் டைரக்டர் எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். திரையில், பக்கவாட்டில் ‘கொசுவர்த்தி’ என்று எழுதிய கப்பல் துண்டு துண்டாகச் சிதறிக்கொண்டிருந்தது.

“உட்காரும்மா. பேரை மாத்தச் சொன்னது நீயாமே?”

“சார், அது வந்து... நிலாத் தளத்துல...”

“நிலாத் தளத்துக்கு நம்ம கப்பல் எதுவும் போனதே இல்லையேம்மா. கதை எழுதறவனுக்குத் தெரியாதா?”

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டைரக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நடுங்காதே. விஷயத்தைக் கேளு. இந்தத் தொடர் இந்த மாசத்தோட நிக்குது, சேனல்ல முடிவு பண்ணிட்டாங்க. இங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை போகுது. நான் வேற இடத்துல புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறேன். அறிவிக்கிற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு கட்டளை. அதனாலதான் யாரைக் கூட்டிட்டுப் போறேனோ அவங்க கப்பலை மட்டும் கதையிலேர்ந்து கழட்டிட்டு வந்தேன். மேக்கப் அக்கா, ஆசாரி எல்லாம் இப்போ அங்கேதான் இருக்காங்க. கடைசியா ஒரே ஒரு இடம் பாக்கி. அதுக்கு உன்னைத்தான் நினைச்சிருந்தேன்.”

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ எப்படியோ மோப்பம் பிடிச்சிருக்கே. பிடிச்சும், குழந்தை குட்டிக்காரர்னு அந்த இடத்தைக் கொசுவர்த்திக்கு விட்டுக்கொடுத்திருக்கே பாரு, இந்த மனசு யாருக்கும்மா வரும்?” டைரக்டரின் குரல் தழுதழுத்தது. “இப்பத்தான் அவரைக் கூப்பிட்டு அட்வான்ஸைக் கையில கொடுத்து அனுப்பினேன்.”