பத்து லட்சத்து ஒன்பது

பத்து லட்சத்து ஒன்பதை எந்த எண்ணாலும் வகுக்க ஏலாது என்று கனகசபை விறாந்தையில் இருந்து அறிவித்தபோது, அவர் மனைவி அன்னலட்சுமி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தொடங்கிய வேலை. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்துக்கொண்டே போனார். ஆயிரம் வரைக்கும் பார்த்தால் போதும். நூற்று அறுபத்தெட்டு வகுத்தல்.

சாப்பாட்டை மறந்தார். மகனின் பெயரை மறந்தார். பென்சிலை மட்டும் மறக்கவில்லை.

இந்த மறதி இனிக் கூடுமே தவிரக் குறையாது, செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அன்னலட்சுமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து தாள்களைப் புரட்டினாள். எந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றால் வகுத்த தாள்.

கடைசி வரி வரைக்கும் கணக்குச் சரி. கடைசி வரியில், 879இலிருந்து 879ஐக் கழித்து மீதி 10 என்று எழுதியிருந்தார்.

ஓர்ஸ் ஹில் துறைமுகக் கந்தோரில் முப்பது வருசம் வரைபடம் கீறிய கை அது. ஒரு கோடு பிசகினதில்லை.

நாற்பத்தொன்பதாம் ஆண்டு அவளைப் பெண் பார்க்க வந்த வீட்டிலும் இந்த எண்ணைப் பற்றித்தான் பெருமையடித்தார். எந்த எண்ணாலும் வகுபடாதாம். குசினிக்குள் நின்ற அன்னலட்சுமி, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வகுக்கத் தொடங்கினாள். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியபோது, வெற்றிலைத் தட்டத்தோடு ஒரு துண்டுக் கடுதாசியும் வெளியே போனது. அதில் 293 என்று மட்டும் இருந்தது.

வெளிக்கிட எழும்பியவர் மறுபடி இருந்துவிட்டார்.

அந்தப் பூச்சியத்தைக் கண்டால் எல்லாம் திரும்பி வரும் என்று அவளுக்கு ஏனோ பட்டது. பத்தை அழித்துவிட்டு 0 எழுதி, தாளை அவர் மடியில் வைத்தாள்.

கனகசபை குனிந்து பார்த்தார். விரலை வைத்து வரிவரியாகச் சரிபார்த்தார். முகம் தெளிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படித் தெளிந்த முகம்.



அவர் கதிரையை விட்டு எழும்பி, சாரத்தை இறுக்கிக் கட்டி, தலைமயிரைக் கையால் ஒதுக்கினார். இத்தனை வருசமும் அவளை ‘நீர்’ என்றே கூப்பிட்ட மனுசன்.

“இதை நீங்களே கண்டுபிடிச்சனீங்கள்? உங்கட ஐயா நிக்கிறாரோ? அவரோட ஒருக்கால் கதைக்க வேணும்.”

தன்னைப் பெற்ற ஐயா அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலோடு போய்விட்டார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நிற்கிறார் என்று சொல்லவும் ஏலவில்லை.

அவர் உள்வாசலைப் பார்த்தபடி, மரியாதையாக, நின்றுகொண்டே இருந்தார்.