பத்துக் கடுகு எடை

ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல என் கணவர் என் கண்ணைத் துண்டால் கட்டினார்.

முடிச்சு பின்மண்டையில் முடியைச் சேர்த்து இழுத்தது.

"வலிக்குதாம்மா?"

"கட்டுறதைக் கட்டுய்யா. உன் வாத்தியார் பார்த்துக்கினு இருக்காரு."

வாத்தியார் என்று நான் சொன்னது கலியாணசுந்தரத்தை. சென்னைக் கல்லூரி ஒன்றில் மனோதத்துவப் பேராசிரியர். முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் வந்து இறங்கி, எங்கள் வீட்டின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 1968, பங்குனி மாதம். வெயில் அதற்குள் ஏறிவிட்டது.

என் கணவர் தாவீது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தார். மனத்தையும் அளந்து பார்க்க முடியும் என்று நம்பியவர். ஜெர்மனியில் நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒருவர், மனிதர்கள் கையில் மாற்றி மாற்றி எடைகளை வைத்து, எவ்வளவு சின்ன வித்தியாசம் கைக்குத் தெரிகிறது என்று குறித்துக்கொண்டே போனாராம். இந்தச் சாஸ்திரத்துக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி என்பார்.

நான் பட்டு நூல் சுற்றுகிறவள். நாள் முழுக்கப் பட்டிழை ஓடுகிற விரலுக்கு நுட்பம் அதிகம் இருக்கவேண்டும் என்பது அவருடைய ஊகம்.

பாலாற்று மணல் நிரப்பிய இரண்டு சின்னத் துணிப்பைகள். ஒன்றில் கொஞ்சம் கூடுதல். ஒன்றன்பின் ஒன்றாக என் உள்ளங்கையில் வைப்பார். எது கனம் என்று நான் சொல்லவேண்டும்.

எட்டு மாதமாக ஞாயிறுதோறும் இதுதான். "உன் வூட்டுக்காரருக்கு வேற விளையாட்டே தெரியாதாடி கங்கா?" என்று பக்கத்து வீட்டு எல்லம்மாள் கேட்டாள்.

வாராவாரம் வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். முதலில் ஒரு புளியங்கொட்டை எடை. பிறகு மிளகு. கடைசியில் பத்துக் கடுகு எடை. அதிலும் நான் தவறவே இல்லை.

அதை எழுதித்தான் பேராசிரியரை வரவழைத்திருந்தார். சோதனை பேராசிரியருக்குத் திருப்தியானால் என் கணவருக்குச் சென்னை ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. ஒன்பது வருஷமாக அவர் ஆசைப்பட்ட வேலை.

முதலில் என் கணவரே வைத்தார். இருபது தடவை. இருபதும் சரி.

"தாவீது, அடுத்த இருபதை நான் வைக்கிறேன். நீங்க கொஞ்சம் தெருவில நில்லுங்க."



என் விரலுக்கு எந்த நுட்பமும் கிடையாது. என் கணவர் மூக்குப்பொடி போடுகிறவர். மூச்சு விட்டால் மூக்கில் சன்னமாக ஒரு சீட்டி கேட்கும். கனமான பையை என் கையில் வைக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். சீட்டி நின்றுபோகும். அது அவருக்கே தெரியாது.

முதல் வாரம் நான் பாதிக்குப் பாதி தவறாகச் சொன்னேன். அவர் குரல் தொங்கிப்போனது. இரண்டாம் வாரம் சீட்டியைக் கண்டுபிடித்தேன். அதன்பிறகு அந்தக் குரல் தொங்க நான் விடவில்லை.

இப்போது அவருடைய செருப்புச் சத்தம் தெருவுக்குப் போய்விட்டது.

பேராசிரியர் கோயில் யானை மாதிரி ஒரே சீராக மூச்சு விட்டார். ஒரு பை வந்தது. இன்னொரு பை வந்தது. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒன்பது வருஷத்து ஆசையை நானே மண்ணில் போடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது.

இருபதுக்குப் பதினொன்று. காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

அவர் திரும்பி வரும் சத்தம் கேட்டது. நான் கட்டை அவிழ்க்கவில்லை. எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?

பேராசிரியர் எண்ணைச் சொன்னார்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. என் கணவருடைய சிரிப்புத்தான்.

"நான் எழுதின மாதிரியே இருக்குது இல்லீங்களா சார்?"

காகிதம் பிரியும் ஓசை. அவர் அனுப்பியிருந்த கடிதத்தைப் பேராசிரியர் எனக்கு வாசித்துக்காட்டினார். 'பத்துக் கடுகு எடையை எந்த மனிதக் கையாலும் உணர முடியாது. என் மனைவி நிறுப்பது பையை அல்ல, என்னை. எப்படி என்று தெரியவில்லை. கேட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால் கேட்காமல் இருக்கிறேன்.'

துண்டைப் பிடுங்கி அவர் மேலேயே எறிந்தேன்.

"மூக்குய்யா. உன் மூக்கு."

அதன்பிறகு அரைமணி நேரம் பேராசிரியர் அவரை மூச்சு விடச் சொல்லி, பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்றாள்.

பஸ் ஏறும்போது பேராசிரியர், "ஜூன் ஒண்ணாம் தேதி வந்து சேர்ந்துடுங்க" என்றார்.

சாயங்காலம் முழுக்க அவர் சீட்டி வராமல் மூச்சு விடப் பழகினார். முடியவில்லை. எனக்கு விக்கல் வரும்வரை சிரித்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மறு வருஷம் பேராசிரியர் அச்சான இரண்டு பக்கங்களைத் தபாலில் அனுப்பினார். ஆங்கிலத்தில் இருந்தன. எனக்காக ஓரத்தில் தமிழிலும் எழுதியிருந்தார். அட்டவணையில் இரண்டே வரிகள்.

பரிசோதகர் அறையில் இருக்கும்போது: இருபது.

பரிசோதகர் வெளியே போயிருக்கும்போது: பதினொன்று.